இந்தக் கை ஜனவரியைத் தாண்டாது

யேயோவின் வலது தோளை நான் அறிந்த அளவுக்கு அவன் மனைவி தைசாகூட அறிந்ததில்லை. இதை அவளே சொல்வாள், அதனால் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். சுளுக்கு, பிசகு, பிடிப்பு என்று எது வந்தாலும் எங்கள் ஊரான போக்கா சலாடாவில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். என் பெயர் ஃபியோர், ஊர் மரியாதையாக டோன்யா என்று கூப்பிடும். எண்ணெயும் வாசனைச் சாராயமும் போட்டு உடம்பு தேய்த்துவிடுவது என் தொழில். கரும்பாலையில் மூட்டை தூக்குகிறவர்கள் வருவார்கள், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். ஆனால் இந்த ஊரில் பாதி ஆண்கள் பேஸ்பால் பந்து எறிகிறவர்கள், மீதிப் பாதி ஒரு காலத்தில் எறிந்தவர்கள். அதனால் என் வீட்டில் அடுப்பு எரிவது தோள்பட்டைகளால்தான்.

யேயோ என்பது ஊர் வைத்த பெயர். காகிதத்தில் அவன் எலிஹியோ பவுலினோ. அவனுக்குப் பதினேழு வயதானபோது வடக்கே அமெரிக்காவிலிருந்து ஒரு கிளப்புக்காரர்கள் வந்தார்கள். அவன் பத்துப் பந்து போடும்வரை பார்த்தார்கள். பதினோராவதைப் போட விடவில்லை, மைதானத்திலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அப்படி ஒரு வேகம். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையுறையில் அவன் பந்து விழும் சத்தத்துக்குத் தெருநாய்கள் குரைக்கும். மட்டையோடு நிற்கிறவன் சுழற்றி முடிப்பதற்குள் நடுவர் கையைத் தூக்கியிருப்பார். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து அதை என் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

வடக்கே ஐந்து வருஷத்தில் நான்கு ஊர் மாற்றினார்கள். சின்ன லீக், அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. இருபத்திரண்டு வயதில் பெரிய லீக்குக்குக் கூப்பிட்டார்கள். பதினெட்டு நாள் இருந்தான். அந்தப் பதினெட்டு நாளும் எங்கள் தெருவில் யாரும் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒரு பந்தை விட்ட கையோடு முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். தசைநார் அறுந்துவிட்டது. இடது மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை உருவி எடுத்து வலது முழங்கையில் வைத்துத் தைத்தார்கள். ஒன்றரை வருஷம் பந்தைத் தொடவில்லை. திரும்பிப் போனபோது அவன் இடத்தில் வேறொருவன் நின்றிருந்தான்.

பிறகு நடந்ததெல்லாம் சந்தையில் ஆடு கைமாறுகிற கதைதான். அவனையும் இன்னொருவனையும் கொடுத்து ஒரு கிளப் ஒரே ஒருவனை வாங்கியது. வாங்கிய கிளப் எட்டு மாதத்தில் வேறு கிளப்புக்குத் தள்ளிவிட்டது. இருபத்தேழு வயதில் தோள் போயிற்று. மறுபடி கத்தி. அது ஆறி அவன் ஆடத் தொடங்கிய மூன்றாம் வாரம், அணியின் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது, இனி நீ வேண்டாம் என்று. பஸ்ஸும் அவர்களுடையதுதானே. அடுத்த ஊரில் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு ஊருக்கு வந்து, பழங்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவன் நிகராகுவாவுக்குப் போனான். தைவானுக்குப் போனான். இத்தாலிக்குக்கூடப் போனான், அங்கே அவன் பந்தைப் பிடித்த கேட்சர் பகலில் தபால்காரராம். வேகம் போய்விட்டதால் புதிதாக ஒரு பந்தைக் கற்றுக்கொண்டான். வேகப்பந்து வருகிற மாதிரியே கை வரும், ஆனால் பந்து அசைந்து அசைந்து வந்து மட்டைக்கு முன்னால் தொப்பென்று தணியும். அதற்கு ஊர் 'சோம்பேறி' என்று பெயர் வைத்தது. சோம்பேறியை இரண்டு தரம் காட்டுவான், மூன்றாவதாக மிச்சமிருக்கும் வேகத்தையெல்லாம் கூட்டி ஒன்று விடுவான். அவ்வளவுதான், அவுட்.

கோடையில் எந்தத் தேசத்தில் இருந்தாலும் குளிர்காலத்தில் எல்லோரையும் போல ஊர் லீக்குக்கு வந்துவிடுவான். எங்கள் ஊர் அணிக்குக் கூழைக்கடா என்று பெயர். அதன் நீலச் சட்டையில் ஒரே ஒரு தரம் கோப்பையைத் தூக்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான்தான் ஞானத்தாய். அன்றிலிருந்து அவன் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொமாத்ரே. ரத்த உறவு சண்டை போட்டுப் பிரியலாம், இந்த உறவு பிரியக் கூடாது. அவன் ஆசை எனக்கும் ஆசை. ஆனால் அவனுக்கு முப்பத்தொரு வயதானபோது கூழைக்கடா அவனை மலைப்பக்கத்து அணிக்குக் கொடுத்துவிட்டு, முழங்கால் கெட்டுப்போன ஒரு கேட்சரை வாங்கியது. அந்த முழங்காலையும் நான்தான் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எரிச்சல்தான் வந்தது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில், அவனுடைய முப்பத்தேழாவது வயதில், யேயோ தோளைக் காட்ட வந்தான். விரலை வைத்ததும் உள்ளே நறநறவென்றது. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாய்ராவின் அழகு நிலையத்தில் தலைக்கு உருளை சுற்றிக்கொண்டிருந்தேன்.

"யேயோ வந்தானாமே, கை எப்படி இருக்கு?" என்றாள் மாய்ரா.

"மணலப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கு. இந்தக் கை ஜனவரியத் தாண்டாது, எழுதி வெச்சுக்க" என்றேன் நான்.

பக்கத்து நாற்காலியில் சூடேற்றும் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நூரிஸ் இருந்தாள். கூழைக்கடா அணியின் மேலாளர் ஓவாலியெஸின் மனைவி. அந்தச் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்தேன். அவளுக்குச் சுவருக்கு அப்பால் பேசுவதே கேட்கும்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. தோற்று வெளியேறிய அணிகளின் ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள். இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் அவர்களிலிருந்து மாறி மாறி ஆள் எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை உன்னைத் திணறடித்தவன் இன்றைக்கு உன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பான். ஜனவரியில் யேயோ ஆடிய மலைப்பக்கத்து அணி வெளியேறியது. இறுதிக்கு வந்தவர்கள் யார்? ஒரு பக்கம் தலைநகரத்துச் சேவல்கள், மறுபக்கம் எங்கள் கூழைக்கடா. முப்பத்தெட்டு வருஷமாகக் கோப்பையைப் பார்க்காத ஊர் எங்களுடையது. முதலில் ஆள் எடுக்கும் முறை எங்களுக்கு. எங்களுக்குத் தேவையாக இருந்ததோ பந்து எறிகிற ஒரு ஆள், ஒரு பிட்சர்.

தெருவே மீன்காரன் பொலோவின் ரேடியோவைச் சுற்றி நின்றது. தைசா நீலச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக் கையோடு கொண்டு வந்திருந்தாள். ரேடியோக்காரர் எங்கள் அணி எடுத்த பெயரைச் சொன்னார். யாரோ ஒரு இருபத்து நான்கு வயதுக்காரன். அடுத்த மூச்சில் சேவல்கள் எடுத்த பெயரைச் சொன்னார்: எலிஹியோ பவுலினோ.

"என்னது, நம்ம யேயோவ விட்டுட்டாங்களா? ஓவாலியெஸுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றான் பொலோ.

தைசா சட்டையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் நூரிஸ் என்னை வழியில் பார்த்துக் கட்டிக்கொண்டாள். "நீங்க அன்னிக்குச் சொன்னதத்தான் நான் அவர்கிட்ட சொன்னேன் டோன்யா. நல்லவேளை. செத்த கைய வாங்கி என்ன பண்றது?" என்றாள். எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏழு ஆட்டத்தில் நான்கை வென்றவர்களுக்குக் கோப்பை. ஆளுக்கு மூன்று வென்று, ஏழாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரிலேயே என்று ஆயிற்று. சனிக்கிழமை காலை என் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. அதிலிருந்து யேயோ சேவல்களின் சிவப்புச் சட்டையோடு இறங்கினான். அரை நிமிஷத்தில் வேலியோரம் கூட்டம் கூடிவிட்டது.

"டோன்யா, ரெண்டு விரல மட்டும் கொஞ்சம் அதிகமா அமுக்கிடுங்க, கோப்பை நமக்கு" என்றான் பொலோ.

"பொலோ, உன் இடுப்பையும் இதே கைதான் தேய்க்குது. அடுத்த வாரம் வருவல்ல, யோசிச்சுப் பேசு" என்றான் யேயோ.

கூட்டம் சிரித்தது. நான் கதவைச் சாத்தினேன். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். தோளில் அறுவைத் தழும்பு, முழங்கையில் தழும்பு, இடது மணிக்கட்டில் தழும்பு. எண்ணெயைச் சூடு பண்ணி வந்தேன்.

"நாளைக்கு மெக்ஸிகோலேருந்து ஒருத்தர் வர்றாரு கொமாத்ரே. என் பந்தப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாராம். சரின்னா இந்தக் கோடைக்கு அங்க. இல்லன்னா முடிஞ்சுது. மச்சானோட சிமெண்டுக் கடையில கல்லாவுல உக்காரணும். ஆறு மாசத்துல செத்துருவேன்" என்றான்.

கையை அவன் தோளில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. "உன்ன நம்ம ஊரு எடுக்காததுக்கு நான்தான் காரணம். மாய்ரா கடையில வாய விட்டேன். நூரிஸ் கேட்டுட்டா."

அவன் திரும்பவில்லை. சேவல்களின் சட்டை கட்டில் மேல் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினோரு டீம் என்ன வேணாம்னு சொல்லியிருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு டாக்டர் ஒரு பேப்பரக் காட்டுவாரு" என்றான். "இந்தத் தடவ யாருன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். உங்கள நெனைக்கல."

நான் அழுதேன். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகட்டும், அவன் இடத்தில் நான் இருந்தால் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். அவனோ தோளை என் பக்கம் இன்னும் சாய்த்தான்.

"தேய்ங்க. எண்ணெ ஆறிடப் போவுது" என்றான்.

இரண்டு மணி நேரம் தேய்த்தேன். வாழ்நாளில் யாருக்கும் அப்படித் தேய்த்ததில்லை. என் கட்டை விரல் இரண்டும் வீங்கிவிட்டன. அவன் போன பிறகு வேலியோரம் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் பொருட்படுத்தவில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. தம்பட்டம், ட்ரம்பெட், பொரித்த ரொட்டி வாசனை, கையில் ரம் பாட்டில். எங்கும் நீலம். நானும் நீலம்தான் போட்டிருந்தேன், சின்ன வயதிலிருந்து கூழைக்கடாவைத் தவிர வேறு அணிக்குக் கை தட்டியதில்லை. முதல் வரிசையில் நூரிஸ். அவளுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவள் புருஷனும் ஆட்டக்காரர்களும் உட்காரும் பள்ளம். அவளுக்கு ஒரு பக்கம் மாய்ரா, மறு பக்கம் நான். என்னை அங்கே உட்கார வைத்ததே நூரிஸ்தான், அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஐந்து இன்னிங்ஸ் வரை சேவல்கள் ஒன்று, நாங்கள் பூஜ்யம். ஆறாவதில் எங்களுக்கு இரண்டு பேர் தளங்களில் ஏறினார்கள், ஒருவரும் அவுட் இல்லை. சேவல்களிடம் வேறு பிட்சர் மிச்சமில்லை, முந்தைய நாள்களில் எல்லோரும் போட்டுக் களைத்திருந்தார்கள். வேலிக் கதவு திறந்தது, யேயோ ஓடி வந்தான். சொந்த ஊர் அவனைப் பார்த்து ஊளையிட்டது. காகிதக் குவளைகள் பறந்தன. தைசா எனக்கு நாலு வரிசை பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வந்தான், மூன்று பேரைத் தூக்கினான். சோம்பேறி, சோம்பேறி, வேகம். சோம்பேறி, சோம்பேறி, வேகம். ஏழாவதிலும் அப்படியே. எட்டாவதிலும் அப்படியே. கூழைக்கடா தோற்றுக்கொண்டிருக்கிறது, நான் என்னடாவென்றால் மடிக்குள் கையை வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு மேலே நாலாவது வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். மெக்ஸிகோக்காரர் அவர்தான் என்று தெரிந்துகொள்ள யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். ஆனால் எங்களுக்கு இரண்டு பேர் களத்தில், இரண்டாவது தளத்திலும் மூன்றாவதிலும். மட்டையோடு வந்தவன் சில்வேரியோ. ஒரு நல்ல அடி அடித்தால் இருவரும் ஓடி வீடு வந்து சேருவார்கள், எங்களுக்கு இரண்டு ஓட்டம், முப்பத்தெட்டு வருஷம் முடிந்துவிடும்.

யேயோ முதல் பந்தைப் போட்டான். வேகப்பந்து, வெளியே போய்விட்டது. போட்டு முடித்ததும் நெற்றி வியர்வையை இடது கையின் கையுறையால் துடைத்தான்.

இருபது வருஷமாக அவன் வலது முழங்கையை மடக்கித்தான் நெற்றியைத் துடைப்பான். கை மேலே வரவில்லை. தோள் பூட்டிக்கொண்டது. இனி காதுக்கு மேல் அந்தக் கை எழும்பாது, காதுக்கு மேல் எழும்பாத கையால் வேகப்பந்து போட முடியாது. கொஞ்சம் தணிவாக எறிந்தால் சோம்பேறி ஒன்றைத்தான் போட முடியும். மைதானத்தில் பன்னிரண்டாயிரம் பேர். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் நானும்.

அடுத்த பந்து சோம்பேறி. சில்வேரியோ சும்மா விட்டான், ஸ்டிரைக். அதற்கடுத்ததும் சோம்பேறி. சில்வேரியோ தட்டிப் பார்த்தான், கோட்டுக்கு வெளியே போயிற்று. இரண்டு ஸ்டிரைக் ஆயிற்று, மூன்றானால் அவுட். சேவல்களின் மேலாளர் யேயோ நின்று எறியும் மேட்டுக்கு நடந்து வந்து ஏதோ கேட்டார். யேயோ சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். அவர் திரும்பிப் போனார்.

நூரிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "டோன்யா, நேத்து நீங்கதானே தேய்ச்சீங்க. அந்தக் கையில இப்ப என்ன இருக்கு? ஒரு வார்த்த சொல்லுங்க, நான் அவருக்குச் சைகை காட்டிடறேன்."

ஓவாலியெஸ் பள்ளத்திலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார். வேகம் வராது, மெதுவாக வரும், காத்திருந்து அடி. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கோப்பை எங்கள் ஊருக்கு. என் நீலச் சட்டை, என் கூழைக்கடா, செத்துப்போன என் அப்பா கடைசிவரை கேட்ட கோப்பை.

"சொல்லுங்க டோன்யா" என்றாள் மாய்ராவும்.

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டரா?" என்றேன்.

நூரிஸ் என் முகத்தையே பார்த்தாள். நான் மைதானத்தைப் பார்த்தேன். இரண்டு சோம்பேறி முடிந்துவிட்டது, அடுத்தது வேகம் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். சில்வேரியோவுக்கும் தெரியும். காலை அகட்டி, மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். யேயோ கையைச் சுழற்றினான். அந்தக் கை வந்த விதத்தைப் பார்த்து எனக்கே ஒரு கணம் வேகம்தான் என்று தோன்றியது. சில்வேரியோ உயிரைக் கொடுத்துச் சுழற்றினான். சுழற்றி முடித்து, ஒரு சுற்று திரும்பி நின்றபோதுதான் பந்து அசைந்து அசைந்து வந்து கேட்சரின் கையுறையில் விழுந்தது.

பன்னிரண்டாயிரம் பேர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ட்ரம்பெட்காரன் வாயிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்துவிட்டான். அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு பொம்பளை நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். அது நான்தான். அழுதுகொண்டேதான் கத்தினேன், ஊருக்காக அழுதேன், அவனுக்காகக் கத்தினேன். நூரிஸ் என் கையை உதறிவிட்டு எழுந்துபோனாள். அவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. மாய்ரா என் தலைக்கு உருளை சுற்ற மாட்டேன் என்கிறாள்.

கூட்டம் கலைந்த பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். யேயோ ஒரு காரில் சாய்ந்து நின்றிருந்தான். தைசா அவன் பையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வலது கையைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகி வைத்திருந்தான், பார்க்கிறவர்களுக்கு ஏதோ தோரணை மாதிரி தெரியும். நான் கிட்டே போய் விரல்களைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தன.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று என் காதோரம் கேட்டான்.

"ரெண்டு மாசம். தெனமும் காலையில வரணும், ஒரு நாள் தப்பக் கூடாது" என்றேன்.

"அங்க மார்ச் கடைசியிலதான் ஆரம்பம்" என்றான்.

அதற்குள் வெள்ளைத் தொப்பிக்காரர் வந்துவிட்டார். மனுஷருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்படி ஒரு கடைசிப் பந்த நான் பாத்ததே இல்ல சென்யோர் பவுலினோ. இந்த மன உறுதிதான் எங்க பசங்களுக்கு வேணும்" என்று சொல்லிக் காரின் மூடிமேல் ஒரு காகிதத்தை விரித்து, பேனாவை நீட்டினார்.

யேயோ வலது கையை வெளியே எடுக்கப் பார்த்தான். அது அசையவில்லை. அவன் உதடு வெளுத்ததை நான் பார்த்தேன், தைசாவும் பார்த்தாள். அவன் இடது கையால் பேனாவை வாங்கி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி எலிஹியோ பவுலினோ என்று கோணல்மாணலாக எழுதினான்.

மெக்ஸிகோக்காரர் காகிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நீங்க இடது கைக்காரரா?"

"எழுதறதுக்கு மட்டும்தான் ஐயா" என்றேன் நான்.